கீல் கழற்றிய ஐப்பசி

காலுக்கு அடியில் யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது. அலை படகை இடப்பக்கம் சாய்த்தால் ஒரு ‘டொக்’. வலப்பக்கம் சாய்த்தால் இன்னொரு ‘டொக்’. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தூத்துக்குடிக் கரை பின்னால் மெலிந்த கோடாகிக்கொண்டிருந்தது. பாய் நன்றாகக் காற்றுப் பிடித்திருந்தது. என் கணவர் சுக்கானைப் பிடித்தபடி ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டிருந்தார்.

“இங்கேருங்க, கீழ என்னமோ இடிக்குது.”

“என்னது?”

“கீழ இடிக்குதுங்கேன்!”

“மட்டை ஏதாச்சும் மெதந்து வந்திருக்கும்.”

“மெதந்து வந்ததுன்னா போயிருக்கும்லா? இது கூடவேல்லா வருது.”

அவருக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. சரக்குக் கப்பல்களின் இன்ஜின் அறையில் பல வருடம் ஃபிட்டராக வேலை பார்த்துக் காது மந்தமாகிப்போனவர். காதுக்காகத்தான் கப்பலையே விட்டார். நான் சொன்னதும் குனிந்து உள்ளங்கையைப் படகின் தரையில் வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பிறகு எதுவும் பேசாமல் பாயைத் தளர்த்திப் படகைக் கரைக்குத் திருப்பினார். சின்ன விஷயமென்றால் அவர் நிறையப் பேசுவார்.

படகு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு பேர் உட்காரலாம். முன்னால் குனிந்து நுழையும்படி ஒரு சின்ன அறை. வெள்ளை ஃபைபர் உடம்பு, ஒற்றைப் பாய்மரம். சென்னையில் யாரோ வைத்திருந்து அலுத்துப்போய்க் கொடுத்ததை, தொண்ணூறுகளின் கடைசியில் இவர் வாங்கி வந்தார். எனக்கு வேலை கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரியில், மருந்து கொடுக்கும் இடத்தில். வீடு கழுகுமலை ரோட்டில், ஊர் முடிந்து கரிசல் ஆரம்பிக்கிற இடத்தில். அதனால் படகும் அங்கேதான், இரும்புச் சக்கர வண்டியின் மேல், வீட்டுக்குப் பக்கத்து வெற்றிடத்தில் நின்றது. கழுகுமலை பஸ்ஸில் போகிறவர்கள் எங்கள் வீட்டைத் தாண்டும்போது ஒரு பக்கமாக எழுந்து நின்று பார்ப்பார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் பருத்தியும் கம்பும், நடுவில் ஒரு பாய்மரம்.

“கப்பல்ல இருந்தது போதாதா? இது என்னத்துக்கு?” என்று ஒருமுறை கேட்டேன்.

“கப்பல்ல எங்க கடலப் பாத்தேன்? இன்ஜினத்தான பாத்தேன். மேல வந்தா ராத்திரி, கீழ போனா லைட்டு. கடல் எப்படி இருக்கும்னே தெரியாம வீட்டுக்கு வந்திட்டேன்” என்றார். மாதத்தில் ஒரு ஞாயிறு, அவருடைய பழைய ஜீப்பின் பின்னால் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்குப் போவோம். எனக்கு நீச்சல் தெரியாது. அவரைத் தனியாக அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிடக் கூடப் போய்ப் பயப்படுவது பரவாயில்லை என்றுதான் போனேன்.

அன்று வீடு திரும்பியதும் படகுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். படகின் வயிற்றில் நீளமாக ஒரு பிளவு. அதற்குள் கனத்த இரும்புப் பலகை ஒன்று மடங்கிக் கிடந்தது. அதை அவர் கீல் என்பார். அதன் முன்முனை ‘பின்’ எனும் தடித்த இரும்பு ஆணியில் மாட்டியிருக்கும். பின்முனையில் ஒரு கம்பிக்கயிறு. படகுக்குள் விஞ்ச் என்று கைப்பிடி வைத்த ஓர் உருளை இருக்கும், அதைச் சுற்றினால் கம்பி இழுக்கும், கீல் மேலே மடங்கிப் பிளவுக்குள் போய்விடும். எதிர்ப்பக்கம் சுற்றினால் கீழே இறங்கித் தண்ணீருக்குள் தொங்கும். கீல் தொங்கினால்தான் காற்று எவ்வளவு தள்ளினாலும் படகு கவிழாமல் நிற்கும். மடங்கினால்தான் ஆழமில்லாத கரைக்கு வரலாம், வண்டியில் ஏற்றலாம்.

“பின்னு தேஞ்சிருக்கு. அதான் ஆடுது. இந்தக் கம்பியத் தொட்டுப் பாரு.”

தொட்டேன். மீன்முள் குத்தியது போல விரலில் ஏறியது. கம்பியின் இழைகள் சில அறுந்து நீட்டிக்கொண்டிருந்தன.

“கம்பி அத்துப்போச்சுன்னா?”

“கீல் சடார்னு கீழ விழுந்து படகு வயித்தக் கிழிக்கும்.”

“பின்னு ஒடஞ்சா?”

“கீல் கடலுக்குள்ள போயிரும். படகு கவுந்திரும்.”

ஏதோ கடையில் சாமான் இல்லை என்பது போலச் சொன்னார். நாங்கள் அன்று எவ்வளவு தூரம் போயிருந்தோம் என்று நினைத்துப் பார்த்தேன்.

என் பயத்துக்கு என் வேலையும் ஒரு காரணம். தீப்பெட்டி வேலையில் கை வெந்தவர்கள், மோட்டார் பெல்ட்டில் விரல் சிக்கியவர்கள், கிணற்று வேலையில் கல் விழுந்தவர்கள் எல்லாரும் கட்டோடு என் ஜன்னலுக்குத்தான் மாத்திரை வாங்க வருவார்கள். ‘எப்படி ஆச்சு?’ என்று கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: “ஒரு நிமிசந்தாம்மா...” வீட்டில் ஒரு ஏணி சுவரில் சாய்ந்திருந்தால்கூட எனக்கு அந்தக் குரல் கேட்கும்.

கீலை வெளியே எடுத்துப் புதுப் பின் போட வேண்டும் என்று முடிவானது. தீப்பெட்டி மெஷின்களுக்குச் சாமான் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை அண்ணாச்சி ஒருவர் இவருக்குச் சிநேகம். அவரைக் கூட்டிவந்து காட்டினார். அண்ணாச்சி படகின் அடியில் புகுந்து பார்த்துவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

“பின்னு கடைஞ்சு தந்திருவேன் தம்பி. இத எப்பிடி எறக்கப் போறீங்க? நாலாளு கனம் இருக்கும் போலுக்கே?”

“படக அம்புட்டு ஒசரம் தூக்க முடியாது அண்ணாச்சி. அடியில குழி தோண்டி, குழிக்குள்ள எறக்கிருவோம்.”

“பருத்தி ஜின்னிங் மில்லு ஒண்ணு மூடிக் கெடக்கு. சிமெண்டுத் தரை. கேட்டுப் பாக்கட்டா?”

“அதெல்லாம் எதுக்கு? வீட்டுலயே முடிச்சிருவோம்.”

புரட்டாசி முழுவதும் மழை இல்லை. தரை வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போகும். கடப்பாறை போட்டால் பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. இடுப்பளவு குழி தோண்டினார்கள். குழிக்கு இரண்டு பக்கமும் ரயில்வே சிலீப்பர் கட்டைகளை அடுக்கி, வண்டியை உருவிவிட்டுப் படகை அதன் மேல் உட்கார வைத்தார்கள். மணியாச்சிப் பக்கம் பழைய மரம் விற்கிற இடத்தில் வாங்கிய கட்டைகள் அவை. பார்த்தால் அசைக்க முடியாதது போல இருந்தது. ஆனால் எனக்கு அந்தக் குழியைக் கண்டாலே ஆகவில்லை. காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஒருமுறை, திரும்பி வந்ததும் ஒருமுறை, கட்டைகளைச் சுற்றி வந்து பார்ப்பேன். எதைப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த வீட்டுக்காரரும் நானும் ஒருவருக்கொருவர் மதினி. அவருக்குக் கொஞ்சம் ஆடுகள் உண்டு. வெயிலுக்கு அவை எங்கள் படகின் நிழலில்தான் படுக்கும். குழி தோண்டிய பிறகு ஒன்றுகூட வரவில்லை.

“ஆடு கூட வர மாட்டேங்குது பாத்தீங்களா மதினி?” என்றேன்.

“குழில விழுந்திரும்னு நாந்தான் கெட்டிப் போட்டிருக்கேன்” என்றார் அவர். அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வரவில்லை.

புதுப் பின்னைக் கடைந்து தர அண்ணாச்சி தாமதமாக்கினார். தீப்பெட்டிச் சீசன் வேலை அவருக்கு. ஐப்பசி பிறந்தது. முதல் மழை பெய்து வெடிப்புகள் எல்லாம் மூடிக்கொண்டன. இரண்டாம் மழையில் செருப்போடு நடக்க முடியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் மண் செருப்பில் அப்பி, கால் யானைக்கால் போல ஆனது. “மழ விடட்டும், தையில பாத்துக்கிடலாம்” என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். “குழிக்குள்ள தண்ணி நின்னா ஓரம் சரியும். அதுக்கு முன்னால முடிக்கணும்” என்றார். அதிலும் நியாயம் இருந்தது. பயப்படுகிறவர்களுக்கு இதுதான் கஷ்டம், இரண்டு பக்கமும் நியாயமாகத் தெரியும்.

மேகம் விலகியிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலையை ஆரம்பித்தார்கள். கட்டை அடுக்குகளின் குறுக்கே ஒரு இரும்புக் குழாய் போட்டு, அதில் சங்கிலியால் கனம் ஏற்றி இறக்கும் செயின் பிளாக் மாட்டி, கீலின் முன்முனையை அதில் தொங்கவிட்டார்கள். அந்தச் சங்கிலி அண்ணாச்சி கையில். பின்முனை பழையபடி கம்பியில். படகுக்குள் ஏறி விஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு. அவர் குழிக்குள் இறங்கினார். பின்னைச் சுத்தியலால் அடித்து வெளியே தள்ள வேண்டும், பிறகு நானும் அண்ணாச்சியும் ஒன்றுபோலக் கீலை இறக்க வேண்டும், அது குழியில் போட்டிருக்கும் பழைய டயரின் மேல் போய் உட்கார வேண்டும். சொல்லும்போது எளிதாக இருந்தது.

பழைய பின் நகரவே இல்லை. துரு பிடித்து ஒட்டியிருந்தது. அடிக்கிற ஒவ்வொரு அடியும் படகு முழுக்க அதிர்ந்து என் பல்லில் வந்து முடிந்தது. பாதி பின் வெளியே வந்த நேரத்தில் மேற்கே இருட்டியது. பிறகு முதல் துளி, உடனே கொட்டு மழை.

“வெளிய வாங்க!” என்று கத்தினேன்.

அவருக்குக் கேட்கவில்லை. அண்ணாச்சி குனிந்து சொன்னார். கீழேயிருந்து பதில் வந்தது: “பாதில விட்டா இன்னும் மோசம் அண்ணாச்சி. இன்னும் நாலு அடி!”

அடித்தார். திடீரென்று படகு ஒரு குலுக்குக் குலுங்கியது. கைப்பிடி என் கையை இழுத்தது. பின் கழன்றுவிட்டது, கீலின் முழுக் கனமும் இப்போது என் கம்பியிலும் அண்ணாச்சி சங்கிலியிலும் தொங்குகிறது என்று புரிந்தது. எந்தக் கம்பி? மாற்ற வேண்டும் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த அதே கம்பி. கீலை இறக்க ஒரே ஒரு தடவை தாங்கினால் போதும் என்று அவர் அதையே விட்டுவைத்திருந்தார்.

அப்போதுதான் என் காலடியில் கிடந்த ஒரு ஸ்பானர் தானாக நகர்ந்தது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக உருண்டு வலப்பக்கச் சுவரில் போய் இடித்து நின்றது. படகு சாய்கிறது. நான் எட்டிப் பார்த்தேன். வலப்பக்கத்துக் கட்டை அடுக்கின் கீழ்க்கட்டையைக் காணவில்லை. மண் அதை விழுங்கியிருந்தது.

“அண்ணாச்சி! கட்டை பதியுது!”

நான் சொல்லி முடிக்கும் முன் குழியின் வலப்பக்கச் சுவர் பொதபொதவென்று சரிந்தது. கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை, வெறும் சத்தம்.

“தம்பி காலு மாட்டிக்கிட்டு!” என்று அண்ணாச்சி கத்தினார். “தங்கச்சி, எறக்கு! கீலு கனம் தரைக்குப் போனாத்தான் படகு நிக்கும். எறக்கும்மா!”

“எறக்காத!” என்று கீழேயிருந்து என் கணவரின் குரல். “கால் அடியில கெடக்கு! எறக்காத!”

இறக்கினால் அவர் கால். இறக்காவிட்டால் படகு மொத்தமும் சாய்ந்து குழிக்குள் விழும், அவர் மேல். விஞ்சில் பல்சக்கரம் உண்டு, கையை எடுத்தாலும் பிடித்துக்கொள்ளும் என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் நம்பவில்லை. கையை எடுத்து இறங்கிப் பார்க்கவும் முடியாது, அப்படியே நிற்கவும் முடியாது. மழைத்தண்ணீர் கண்ணில் இறங்கியது. ‘ஒரு நிமிசந்தாம்மா’ என்ற குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

“மதினி! மதினீ!” என்று அடுத்த வீட்டைப் பார்த்து அலறினேன்.

அவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். குழியைப் பார்த்ததும் சாக்கை எறிந்தார்.

“மதினி, அவிய கால் கீலுக்கு அடியில இருக்கான்னு கையவிட்டுப் பாருங்க. பாத்துச் சொன்னாத்தான் நான் எறக்க முடியும்!”

அவர் கேள்வியே கேட்கவில்லை. குழியின் ஓரத்தில் குப்புறப் படுத்து, தோள்பட்டை வரை சேற்றுக்குள் கையை விட்டார். படகு அவர் தலைக்கு மேல் சாய்ந்து நிற்பது எனக்கு மேலிருந்து தெரிந்தது. போகச் சொல்லவும் முடியவில்லை.

“முட்டி இங்கன இருக்கு... அண்ணே, ஆட்டாதீங்க... இந்தா கணுக்கால்... பாதம் அந்தப் பக்கம் திரும்பிக் கெடக்கு. டயரு இங்கன இருக்கு.” முகத்தைச் சேற்றிலிருந்து தூக்கி என்னைப் பார்த்தார். “ஒரு சாண் தள்ளித்தான் இருக்கு மதினி. இரும்பு நேரா எறங்குனா படாது.”

“நல்லாத் தெரியுமா?”

“என் கைய அவிய காலுக்கும் இரும்புக்கும் நடுவுல வச்சிருக்கேன். எறக்குங்க. பட்டா மொதல்ல எனக்குத்தான் தெரியும்.”

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார். ஒரு பல் விட்டேன். அவர் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டார். இன்னொரு பல். இன்னொரு கண்ணி. விஞ்ச் ‘கடக், கடக்’ என்று விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் மதினியின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். என் கணவர் பேசவே இல்லை. கைப்பிடியில் கனம் குறைய ஆரம்பித்தது. பிறகு கம்பி தொளதொளவென்று தளர்ந்தது. கீல் டயரில் உட்கார்ந்துவிட்டது. படகு முனகிக்கொண்டிருந்தது நின்றது. சாய்ந்த வாக்கிலேயே, ஆனால் மேலும் சாயாமல், நின்றது.

நான் எப்படிக் கீழே குதித்தேன் என்று ஞாபகமில்லை. மூன்று பேரும் கையாலும் மண்வெட்டியாலும் சேற்றை வாரினோம். வார வார அது திரும்பி வந்து மூடியது. ஆடு கட்டும் கயிற்றை அவர் அக்குளில் கொடுத்து இழுத்தோம். கரிசல் மண் அவரை லேசில் விடவில்லை. உறிஞ்சுகிற சத்தத்தோடு ஒருவழியாகக் கால் வெளியே வந்தது. பூட்ஸ் உள்ளேயே இருந்துவிட்டது. கணுக்கால் வீங்கியிருந்தது. விரல்களை அசைக்கச் சொன்னேன். அசைத்தார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது எலும்பு முறிந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வெந்நீரில் அவர் காலைக் கழுவும்போது அவர் சிரித்தார். “எம்புட்டுச் சேறு பாரு!” என்றார். நான் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரும் நிறுத்திவிட்டார். அவர் தோள்கள் குலுங்குவதைப் பார்த்தேன். குளிர் என்றார். இரண்டு போர்வை போட்டும் குளிர் போகவில்லை.

மறுநாள் அண்ணாச்சி ஆள் கூட்டிவந்து, பதிந்த பக்கம் கல் பலகைகளைப் போட்டுப் படகை நிமிர்த்தி, மறுபடி வண்டியில் ஏற்றினார். கீலை மட்டும் எடுக்க முடியவில்லை. மழை நிற்கவே இல்லை. கார்த்திகை முழுக்கக் குழியில் தண்ணீர் நின்றது, உள்ளே கீல் கிடந்தது. தவளைகள் வந்து சேர்ந்தன. குழியைச் சுற்றி மதினி முள் வெட்டிப் போட்டார். அவர் வலது முன்கையில் இரும்பு உரசிய ஒரு கோடு இருந்தது. நான் மருந்து வைத்துக் கட்டியபோது, “என்னமோ ஆடு குட்டி போடுத மாதிரிதான் கைய விட்டுப் பாத்தேன்” என்றார். அதன் பிறகு அவர் வீட்டு விசேஷம் எதிலும் நான் இல்லாமல் இருந்ததில்லை.

தை மாதம் தரை இறுகியபோது கீலும் அதோடு இறுகியிருந்தது. கடப்பாறையால் சுற்றிக் கொத்தித்தான் எடுக்க முடிந்தது. மேலெல்லாம் செங்கல் நிறத்தில் செதில் செதிலாகத் துரு. வீட்டிலேயே முடிப்போம் என்று இந்த முறை இவர் சொல்லவில்லை. கீலும் படகும் ஜின்னிங் மில்லின் சிமெண்டுத் தரைக்குப் போயின. கூரையின் இரும்பு உத்தரத்தில் செயின் பிளாக்கை மாட்டினார்கள். நானும் லீவு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். துருவைத் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் கறுப்புப் பெயிண்ட் இரண்டு கை. அண்ணாச்சி புதுப் பின்னைக் கொண்டுவந்து பழைய பின்னின் பக்கத்தில் வைத்தார். பழையது நடுவில் இடுப்பு போலத் தேய்ந்து ஒடுங்கியிருந்தது. அதை நம்பியா கடலுக்குள் போனோம்? புதுக் கம்பியை நானே தடவிப் பார்த்தேன். தலையிலிருந்து கால் வரை, ஒரு இழை விடாமல்.

மாசியில் தூத்துக்குடிக்குப் போனோம். படகைத் தண்ணீரில் இறக்கி, ஆழத்துக்கு வந்ததும், விஞ்சை என் பக்கம் காட்டினார். கீலை நான்தான் இறக்கினேன். காற்று அதிகம் இல்லை. கரை விலகிய பிறகு, அவருக்குக் கேட்கும்படி பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து கேட்டேன்.

“அன்னைக்குக் குழிக்குள்ள என்ன நெனச்சீங்க?”

சுக்கானைக் கொஞ்சம் திருத்திவிட்டுச் சொன்னார்: “நீங்க எல்லாரும் என்னமோ பேசுதீங்கன்னு தெரியுது. ஒண்ணுமே கேக்கல. மழச் சத்தம் மட்டுந்தான். கீலு எறங்குததப் பாத்தேன். என் காலு கெடக்க எடம் ஒனக்குத் தெரியுமா தெரியாதான்னு எனக்குத் தெரியல. அதான் பயம்.”

“எறக்காதன்னு கத்துனீங்களே?”

“ஆமா. பின்னு கழண்டா எறக்கணும்னுதான பேச்சு, அதான் கத்துனேன். ஆனா நீ எறக்குன. வேற ஆளு எறக்கியிருந்தா நான் கையக் குடுத்துத் தடுத்திருப்பேன், கையும் போயிருக்கும். நீ யோசிக்காம ஒண்ணும் செய்ய மாட்டேன்னு சும்மா இருந்தேன்.”

எப்போதும் பயந்து சாகிறாய் என்று அவர் என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

திரும்பி வரும்போது தண்ணீர் வற்றியிருந்தது. கரைக்குக் கொஞ்சம் முன்னால் கீல் மணல் திட்டில் உரசிப் படகு தடுக்கியது போல நின்றது. உடனே கீல் தானே கொஞ்சம் மேலே மடங்கிக்கொடுக்க, படகு மெல்ல நகர்ந்தது. “சுத்து, சுத்து, மேல எடு” என்றார் அவர் நிதானமாக. நான் எழுந்து சுற்றினேன். கீல் முழுக்க உள்ளே போனதும் படகு ஒரு இலையைப் போல மணலில் ஏறி நின்றது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் குதித்து, நான் இறங்க என் கையைப் பிடித்தார். கரையில் ஒரு வலைக்காரர் சாளை மீன் கூறு போட்டுக்கொண்டிருந்தார். மதினி வீட்டுக்கும் சேர்த்து வாங்கினோம்.